தமிழ்ப் பரிசோதகர்

ஏகாம்பரம் பிள்ளையின் விரல் சரியாக அந்தக் கட்டுரையின் தலைப்பில் போய் நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த புத்தகக் கடைக்காரர் சிஹாபுதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இது என்ன?" என்று மலாயில் கேட்டார் பிள்ளை. சர்க்கார் உத்தியோகஸ்தர், அதுவும் புதிதாக நியமனமான தமிழ்ப் பரிசோதகர், ஒரு புத்தகக் கடைக்காரனிடம் போய்த் தமிழில் பேசினால் கௌரவம் என்னாவது! பினாங்கில் இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருந்த சிஹாபுதீன், தானும் மலாயிலேயே, 'துவான்' என்று மரியாதை போட்டுப் பதில் சொன்னார்.

"அது... ரப்பர் தோட்டத்தைப் பத்தி, துவான்."

விஷயம் இதுதான். மலாக்காவில் புதிதாகத் திறந்த தமிழ் வாசகசாலைக்குப் பத்திரிகை தேர்ந்தெடுக்கும் பொறுப்பை சிஹாபுதீனிடம் விட்டிருந்தார்கள். பினாங்கிலிருந்து வந்து ஜாலான் துக்காங் எமாஸில் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்றாலும், எந்தப் பத்திரிகையில் எது நன்றாக இருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. கவிதைக்கு ஒன்று, கதைக்கு ஒன்று, சங்கீதத்துக்கும் நாட்டியத்துக்கும் ஒன்று என்று, படிக்கிறவர்களுக்கும் எழுதிப் பழகுகிறவர்களுக்கும் ஏற்றாற்போல் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்.

ஆனால் பரிசோதகர் அனுமதிக்காமல் எதுவும் வாசகசாலை மேஜைக்கு வரக்கூடாது என்று உத்தரவு. அதனால் காஜா பெராங்கில் இருக்கும் பிள்ளையின் வீட்டுக்கே பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரன் வேறு நின்றான்.

எல்லாம் சரி, அந்த ஒரு பத்திரிகையையும் கட்டில் சேர்த்தாரே, அதுதான் சபலம். அதில் 'கடலோடி' என்ற பெயரில் தோட்டத் துரைமார்களையும், அவர்களுக்குக் குடை பிடிக்கும் சர்க்காரையும் கிழிகிழியென்று கிழித்திருந்தது சாட்சாத் சிஹாபுதீன்தான். தன் எழுத்தை உள்ளூரில் நாலு பேர் படிக்கவேண்டும் என்ற ஆசை எழுதுகிறவர்களில் யாரை விட்டது? மாட்டிக்கொண்டால் அடுத்த கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிவிடுவார்கள். அப்புறம் மனைவி நூர்ஜஹானையும் குழந்தைகளையும் இந்த ஜன்மத்தில் பார்க்க முடியாது.

"ரப்பர் தோட்டத்தைப் பத்தின்னா?"

"மரத்துல பால் எப்படி வெட்டி எடுக்கணும், உரம் எப்படிப் போடணும்னு..."

பிள்ளை அந்தப் பக்கத்தையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "உரத்துக்கா இவ்வளவு நீளம்?" என்றார்.

அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நெற்றியில் குங்குமம், உடம்பில் மலாய்ப் பெண்கள் போடும் கெபாயா சட்டை. அவளும் "குடிங்க" என்று மலாயிலேயே சொல்லிவிட்டு உள்ளே போனாள். இந்த வீட்டில் கடைக்காரனுக்கு ஒரு வார்த்தை தமிழ்கூடக் கிடையாது போலிருக்கிறது என்று சிஹாபுதீன் மனசுக்குள் பொருமினார்.

"நாங்க நேத்து வந்தவங்க இல்ல, மாமா" என்று, தமிழ் முஸ்லிம்களை அந்த ஊரில் கூப்பிடும் வழக்கப்படி சொல்லிப் பெருமூச்சு விட்டார் பிள்ளை. "பறங்கிக்காரன் கப்பல் வர்றதுக்கு முந்தியே எங்க ஆளுங்க இந்த ஊர்ல இருக்காங்க. அதனாலதான் சர்க்கார் துரை என்னைத் தேடிப் பிடிச்சு இந்த வேலையில உட்கார வெச்சார்."

நாட்டியக்காரி படம் போட்ட பத்திரிகையை மட்டும் அவர் எதுவும் கேட்காமல் ஒதுக்கி வைத்தார். மற்ற ஒவ்வொன்றுக்கும் "இது என்ன? இதுல என்ன சொல்றான்?" என்று குடைந்தார். சிஹாபுதீன் சொல்லச் சொல்ல முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் தலையை ஆட்டினார். கடைசியில் விரல் மறுபடியும் அதே கட்டுரைக்கு வந்தது.

பிள்ளை எழுந்தார். போலீஸ்காரனை வேலிக்கு வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"இந்தக் கட்டுல ஏதோ ஒண்ணுல சர்க்காரைத் திட்டி எழுதியிருக்காம். துரைக்குத் தகவல் வந்திருக்கு. நாளைக்குக் காலையில நான் பதில் சொல்லியாகணும்." பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "அது எதுன்னு உங்களுக்குத் தெரியும், மாமா. உங்க வாயாலேயே சொல்லிடுங்க."

எல்லாம் தெரிந்துகொண்டுதான் மனுஷன் இவ்வளவு நேரம் எலியை உருட்டும் பூனை மாதிரி விளையாடியிருக்கிறான்! இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? சிஹாபுதீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

"நான்தான் துவான் எழுதினேன். கடலோடின்னு போட்டிருக்கே, அது நான்தான். அதுல பாலும் இல்ல, உரமும் இல்ல, அத்தனையும் சர்க்காருக்குத் திட்டுதான். புள்ளைகுட்டிக்காரன் துவான், கப்பல்ல ஏத்திடாதீங்க!"

பிள்ளை ஆடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டுரையைப் பார்த்தார், சிஹாபுதீனைப் பார்த்தார், மறுபடியும் கட்டுரையைப் பார்த்தார். பிறகு அந்தத் தாளைச் சர்ரென்று கிழித்துக் கசக்கித் தன் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"தகவல் பொய், எல்லாமே நல்ல பத்திரிகைன்னு எழுதிக் கொடுத்துடறேன், போங்க" என்றார். சிஹாபுதீன் நம்ப முடியாமல் எழுந்து நின்றபோது, அவருடைய இரண்டு கைகளையும் பிள்ளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்கறதை மட்டும் துரைகிட்ட சொல்லிடாதீங்க, மாமா!"