மழைக்கு ஒதுங்கிய இடம்

மழையில் சாலை முங்கிவிட்டதால் அந்தக் கிராமத்துப் பப்பின் மாடி அறையில்தான் தங்கியாக வேண்டும். பக்கத்தில் மனைவி பிலிப்பா இருக்க, ரூபர்ட் காரை விட்டு இறங்காமல் இருந்தான். அவளிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு, வேறொருத்தியோடு அவன் வந்து தங்கும் இடம் அது.

“வேற இடம் பார்க்கலாமே?” என்றான்.

“எனக்கும் இங்க பிடிக்கல. ஆனா ரோடு எங்க இருக்கு? இறங்கு.”

பப்காரர் கிளைவ், இருவரையும் முன்பின் பார்க்காதவர்போலப் பெயர் கேட்டு அறைச்சாவியைக் கொடுத்தார். ரூபர்ட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் சாப்பாட்டு மேஜையில் சமையலறைக் கதவுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தான்.

சமையலறையை விட்டு அதிகம் வெளியே வராத கிளைவின் மனைவி மோரீன், அன்று தானே தட்டுகளோடு வந்தாள். பிலிப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

“உனக்கு எப்பவும்போல கிரேவியைத் தனியா வெச்சிருக்கேன், கண்ணு. இவரு யாரு, உங்கண்ணனா? வீட்டுக்காரர் இந்தத் தடவை வரலையா?”