வாலிபர் கூட்டத்துப் பிரசங்கம்

“எனக்கு அவியளப் பிடிக்கல்ல. அதனால பக்கத்துல அண்ட விடல்ல. பொறவு என்னத்துக்கு அங்ஙன இருக்கணும்னு வீட்டுக்கு வந்துட்டேன்.”

ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர்கள் முன்னால் நின்று பூங்கனி இதைச் சொன்னாள். அழவில்லை. குரல் இடறவும் இல்லை.

“ஏட்டி, கெட்டினவனப் பத்திப் பேசுக பேச்சா இது?” என்று சீறினார் முத்துநாயகம் உபதேசியார். அவளுக்கு மாமனார் அவர்தான். “எனக்க மகனுக்கு என்ன குறை? குடியா, சீட்டாட்டமா?”

“அவியளுக்கு ஒரு குறையும் இல்ல மாமா. குத்தம் எனக்க கிட்டதான்.”

“கேட்டியளா? இவளே ஒத்துக்கிட்டா!”

தலைமை மூப்பர் ராஜையன் பெருமூச்சு விட்டார். கல்யாணம் நடந்தது கொல்லம் ஆண்டு 1108 ஐப்பசியில். இன்னும் ஒரு வருஷம் திரும்பவில்லை. அதற்குள் இப்படிப் பேசுகிற பெண்ணை என்ன செய்வது?

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த புருஷன் ஜெபசீலன் ஒருமுறை எழுந்தான். என்ன நினைத்தானோ, திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

புருஷனோடு சேருகிறவரை பூங்கனிக்கு ஆராதனையில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து கிடையாது என்று தீர்ப்பானது. உபதேசியார் வீட்டு மருமகளாயிற்றே என்று தயங்கிய ஒன்றிரண்டு பேரையும் உபதேசியாரே சரிக்கட்டிவிட்டார்.

வெளியே பெண்கள் அவளுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதைக்காக அல்ல. “எல்லாம் படிச்ச திமிரு” என்றாள் ஒருத்தி, அவள் காதில் விழும்படியாகவே. அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன்குழம்போடு சேர்த்துப் பூங்கனியையும் பரிமாறியிருப்பார்கள். அவள் யாரையும் பார்க்காமல் குளத்தங்கரை வழியாகத் தாய் வீட்டுக்கு நடந்தாள்.

உபதேசியாரும் மகனும் குளத்தின் மற்றக் கரையில் வந்தார்கள். பாதி வழியில் ஜெபசீலன் நின்றுவிட்டான்.

“அப்பா, அவ சொன்னது பொய்.”

“எது பொய்?”

“அண்ட விடல்லன்னு சொன்னது. அவ ஒரு நாளும் என்ன ஒதுக்கல்ல. என்னாலதான்... முடியல்ல.”

உபதேசியார் சுற்றுமுற்றும் பார்த்தார். நல்லவேளை, யாரும் இல்லை.

“பையப் பேசு. புதுசுல எல்லாருக்கும் கொஞ்சம் கூச்சம் உண்டும்...”

“கூச்சம் இல்லப்பா. கெட்டின நாள் முதல் இதே கதைதான். இருட்டினாலே எனக்குக் கையும் காலும் நடுங்கும். நான் கெடந்து அழுவேன். அவ எனக்க தலையத் தடவிக்கிட்டே இருப்பா. கடைசில நான்தான் சொன்னேன், ‘எனக்க பாவத்துக்கு நீ ஏன் சீரழியணும், போயிரு’ன்னு. ஊரு கேட்டா என்ன சொல்லன்னும் கேட்டேன். ‘அத நான் பாத்துக்கிடுகேன், உங்க பேரு வெளிய வராது’ன்னா. இன்னைக்கு உள்ளதச் சொல்லிரலாம்னு எந்திச்சேன். அவ என்னப் பாத்து, வேண்டாம்னு தலைய ஆட்டினா.”

“நீ என்னலே பாவம் செய்த?”

ஜெபசீலன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “கல்யாணத்துக்கு முந்தி எனக்கு அந்தப் பழக்கம் உண்டும். நீங்க வாலிபர் கூட்டத்துல சொல்லுவியளே... ‘தன் கையாலே தன்னைக் கெடுத்துக்கொள்ளுகிறவன், கல்யாணக் கட்டிலில் பிணமாய்க் கிடப்பான்.’ அதுதான்.”

உபதேசியாருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பிரசங்கம் அது. புதுக்கடை ஊர்ச் சபை வரைக்கும் அதற்காகவே கூப்பிட்டு அனுப்புவார்கள். மேசையைத் தட்டி அவர் அந்த வரியைச் சொல்லும்போது வாலிபர்களுக்குச் சட்டை நனைந்துவிடும்.

“நீங்க சொன்னது சொன்னபடியே நடந்துட்டுப்பா.”

“வைத்தியம் பாத்தியா?”

“மார்த்தாண்டத்துல லேகியம் வாங்கித் தின்னேன். ஒண்ணும் ஆகல்ல. பொறவு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரு நல்லாச் சோதிச்சுப் பாத்தாரு. உடம்புல ஒரு கேடும் இல்ல, அந்தப் பழக்கத்தால எவனுக்கும் ஆண்மை போகாது, உனக்க மனசுல இருக்க பயம்தான் உன்ன இப்படி ஆக்குதுன்னாரு. உனக்கு இதச் சொன்னவன் பொய் சொல்லியிருக்கான்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“எனக்க அப்பா பொய் சொல்லமாட்டாருன்னு சொன்னேன்.”



ஜெபசீலன் அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். பார்க்கச் சகிக்கவில்லை அந்தக் கண்களை.

“அப்பா, அந்தப் பழக்கம் இருந்தும், கெட்டிக் குடும்பம் நடத்தி, பிள்ளையும் பெத்தவன் ஒருத்தனாவது உங்களுக்குத் தெரிஞ்சு உண்டுமா? ஒரே ஒருத்தன் போதும். டாக்டரு சொன்னா எனக்கு நம்பிக்கை வரல்ல. நீங்க உண்டும்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நம்பிருவேன். இப்பவே ஓடிப்போய் அவளக் கூட்டிட்டு வந்திருவேன்.”

அக்கரையில் பூங்கனி நடந்துபோவது இன்னும் தெரிந்தது. ஒரு கூப்பிடு தூரம்தான். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்டிருக்கும்.

முத்துநாயகம் வாயைத் திறந்தார். உண்டு என்று சொன்னால், யார் என்று கேட்பானே.

“அப்படி ஒருத்தனையும் எனக்குத் தெரியாது மக்களே,” என்றார். “உபவாசம் இருந்து ஜெபம் பண்ணு.”

ஜெபசீலன் சரி என்று தலையாட்டினான். அக்கரையில் தென்னந்தோப்புக்குள் திரும்பிப் பூங்கனி மறைந்துபோனாள்.

தன் கல்யாணத்துக்கு முந்தின வாரம்வரை அந்தப் பழக்கத்தை விடமுடியாமல் இருந்த முத்துநாயகம் உபதேசியாருக்கு, ஜெபசீலன் ஐந்தாவது பிள்ளை.