படத்தில் நால்வர்

பழைய காப்பீட்டு அட்டை ரத்து, புதியதற்குக் குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அரசு சொல்லியிருந்தது. ஞானசீலன் பெஞ்சின் ஓரத்தில், மூன்று பேருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

"மத்தவங்க எங்க சார்?" என்றாள் படம் எடுக்கும் பெண்.

"நான் மட்டுந்தாம்மா."

"அப்ப நடுவுல வாங்க."

அவர் நகர்வதற்குள் அலுவலர் ஒருவர் வந்து சொன்னார். "பழைய அட்டையே இன்னும் ஒரு வருஷம் செல்லுமாம். எல்லாரும் கிளம்பலாம்."

வீணாக அலைக்கழித்ததற்குக் கூட்டம் திட்டித் தீர்த்தது. ஞானசீலன் மட்டும் பழைய அட்டையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் டயாலிசிஸ் அறையில் நர்ஸ் கேட்டாள். "துணைக்கு யாரு வந்திருக்கா?"

அவர் அட்டையை நீட்டினார். அதில் மனைவியும் இரண்டு மகள்களும் அவரை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.