ஏழரை அங்குலம்

“ஏழரை. சந்தேகமா இருந்தா நீங்களே வந்து பாருங்க.”

மனைவி வில்லை மேசைமேல் கிடத்தி, கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே தையல் டேப்பைப் பிடித்திருந்தாள். கணவன் மின்விசிறியைப் பார்த்தான்.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், வில்லி.”

வில் எய்பவள் என்ற அர்த்தத்தில், கல்யாணமான புதிதில் அவன் வைத்த பெயர் அது.

“அப்புறம் ஏன் அம்பெல்லாம் கீழயே போய்க் குத்துது?”

மறுநாள் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். மரவில் பிரிவில் ஒரே ஓர் இடம். இரண்டு வருடமாக அதற்காகத்தான் தோள் வலிக்க எய்துகொண்டிருந்தாள். நாண் கைப்பிடியிலிருந்து ஏழரை அங்குலம் தள்ளி நின்றால் அவளுடைய வில் சொன்ன பேச்சுக் கேட்கும். கொஞ்சம் கூடினாலும் அம்பு வேகமிழந்து தாழ்ந்துவிடும்.

“காத்து அடிச்சிருக்கும்.”

“மாடியில இன்னிக்கு இலைகூட ஆடலை.”

“உன்கிட்ட டி மாதிரி ஒரு ஸ்கேல் இருந்துச்சே, நாண்ல மாட்டி அளப்பியே... அது எங்க?”

“தொலைஞ்சுபோச்சு. அதனாலதான் இந்த டேப்.”

“பேசாம நாண்ல ரெண்டு முறுக்கைப் பிரிச்சு விடேன். நாண் கைப்பிடிப் பக்கம் கொஞ்சம் இறங்கட்டும்.”

“எதுக்கு இறக்கணும்? டேப்தான் ஏழரைன்னு சொல்லுதே!”

“டேப்பை ரொம்ப நம்பாதே. துணி டேப்... பழசு வேற.”

அவள் நிமிர்ந்தாள். “பழசா? போன மாசம் உங்க இடுப்பு முப்பத்தெட்டா குறைஞ்சிடுச்சுன்னு சொன்னது இதே டேப்தானே? அதை நம்பித்தானே உங்க காலை ஓட்டத்தை நிறுத்தினேன்? அன்னிக்கு மட்டும் புதுசா?”

அவன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். பொத்தான் ஒன்று முனகியது.

“இல்லை, அது வந்து...”

“டேப் மேல தப்பில்லை. என் கை மேலதான் தப்பு.” அவள் டேப்பை மேசையில் போட்டாள். “எனக்கு எய்யவே வரலை. நாளைக்குப் போய் அசிங்கப்படறதைவிடப் பேரை வாபஸ் வாங்கிடறேன்.”

ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள். “ஹலோ, கோச்சா? நான்தான் பேசறேன். நாளைக்கு நான்...”

“வை! ஃபோனை வை முதல்ல!” அவன் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான். “உன் கை மேல ஒரு தப்பும் இல்லை. டேப்தான் தப்பு.”

“சும்மா ஆறுதல் சொல்லாதீங்க.”

“ஆறுதல் இல்லை, ஒப்புதல் வாக்குமூலம்! வெந்நீர்ல ஊறப்போட்டு, குளியலறைக் கொக்கியில மாட்டி, கீழ இஸ்திரிப் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டேன். ரெண்டு நாள். டேப் நீண்டுபோச்சு. என் இடுப்பு இன்னும் நாற்பதுதான்.”

அவன் மளமளவென்று தொடர்ந்தான்.

“அது ஏழரைன்னு சொன்னா நிஜத்துல எட்டுக்குப் பக்கம் இருக்கும். அதான் அம்பு இறங்குது. நாணைக் கொஞ்சம் இறக்கிக் கட்டு, எல்லாம் சரியாயிடும். என்னால நீ தோக்கக் கூடாது, வில்லி. என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கோ.”

அவள் ஃபோனை மேசையில் வைத்தாள். திரை இருண்டிருந்தது. யாரையும் அழைக்கவே இல்லை.

பிறகு அம்புக்கூட்டுக்குள் கைவிட்டுத் தொலைந்துபோன டி ஸ்கேலை எடுத்து, நாணில் மாட்டினாள். கோடு பிசகாமல் ஏழரை.

“போன வாரமே இதுல அளந்து வச்சுட்டேன். ரெண்டு அளவும் ஒத்துப்போகலை. எது பொய்னு எனக்குத் தெரியும், யார் பொய்னுதான் கேட்கணும்னு இருந்தேன்.”

“ஆனா... டேப்பும் ஏழரைன்னுதானே சொன்னே?”

“ஏழும் சொச்சமும்தான் காட்டுச்சு. நீங்கதான் மின்விசிறியைப் பார்த்துட்டு இருந்தீங்களே.”

“அப்போ கீழ குத்தின அம்பெல்லாம்?”

“அந்த மாதிரி ஒண்ணும் குத்தலை. மாடிக்குப் போய்ப் பாருங்க, எல்லாம் நடு மஞ்சள் வட்டத்துல நிக்குது.”

கட்டிலுக்கடியில் குனிந்து, தூசி படிந்த ஒரு ஜோடி ஷூவை எடுத்துத் தட்டி அவன் கையில் கொடுத்தாள் வில்லி.

“நாளைக்கு எனக்கு ஒன்பது மணிக்குத்தான். உங்களுக்கு அஞ்சரைக்கு.”