ஆள் மாறிய வகுப்பு

பதவி உயர்வு வேண்டுமென்றால் மேலாளர் பயிற்சியை ஆன்லைனில் முடித்தாக வேண்டும் என்று அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தினமும் ஒரு மணி நேரம் தலையில் பட்டையை மாட்டிக்கொண்டால் போதும், பாடம் தானாக மண்டைக்குள் இறங்கிவிடும். பூங்கோதைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வாய்க்கவில்லை. சான்றிதழ் கைக்கு வந்தால் போதாதா என்று, பட்டையைக் கணவன் சற்குணத்தின் தலையில் மாட்டிவிட்டாள். அவன் பாட்டுக்கு அதோடு வெங்காயம் நறுக்கினான்.

சான்றிதழ் அவள் பேரில் வந்தது. நேர்முகத் தேர்வும் வந்தது.

"உங்க டீம்ல ஒருத்தர் கோபமா வந்தா என்ன செய்வீங்க?"

"நானும் கோபப்படுவேங்க" என்று பட்டென்று உண்மையைச் சொல்லிவிட்டாள். பதவி வேறொருத்திக்குப் போனது.

வீட்டுக்கு வந்து பையை விட்டெறிந்தாள். "எல்லாம் உங்களாலதான்!"

வழக்கமாக சற்குணம் டிவி சத்தத்தைக் கூட்டுவான். அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"சொல்லு அம்மணி. முழுசாச் சொல்லு, நான் குறுக்கே பேசல."

நேர்முகத்தில் ஆரம்பித்தவள், கல்யாணப் பந்தியில் அவன் அக்கா சொன்ன வார்த்தை வரைக்கும் போனாள். அவன் ஒரு தடவைகூட குறுக்கே பேசவில்லை. கடைசியில், "அன்னிக்கே நான் கேட்டிருக்கணும்" என்றான்.

அடுத்த வாரம் இரண்டாம் நிலைப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். பூங்கோதை முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். சாயங்காலம் பட்டையை நன்றாகத் துடைத்து, சற்குணத்தின் தலையிலேயே மாட்டினாள்.