கோடு இறங்காத இடம்

அவருடைய விரல் திரையைத் தொட்டதா, சற்றுத் தள்ளியே நின்றதா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. புற்றுநோய்க்கான புது மாத்திரையைத் தொடங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வந்திருந்தார் செங்கமலம். அதை முன்பு எடுத்துக்கொண்டவர்கள் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்று சொல்லும் வரைபடக் கோட்டை அவருக்குக் காட்டச் சொல்லி டாக்டர் இமானுவேல் என்னை அழைத்திருந்தார். கணக்குப் போட்டு அதை வரைந்தவன் நான். ஒருவர் இறக்கும்போதெல்லாம் கோடு ஒரு படி இறங்கும். ஏறவே ஏறாது. அப்படி இறங்கிக்கொண்டே வந்த கோடு, கடைசியில் மட்டும் நேராக நீண்டு கிடந்தது.

“இங்க ஏன் சார் எறங்கல?”

“அவ்வளவு நாள் தாண்டினவர் அங்க ஒரே ஒருத்தர்தான் இருக்கார்மா.” என்றேன். “ஒருத்தர வச்சு எதுவும் சொல்ல முடியாது. ஆய்வுக் கட்டுரை அச்சுக்குப் போகும்போது அந்த எடத்த வெட்டிடுவோம்.”

“உசுரோட இருக்கற மனுசரையா வெட்டுவீங்க?”

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். எத்தனையோ கோடுகளை வரைந்திருக்கிறேன். அந்த நீளம், ஒரு மனிதர் தினமும் காலையில் எழுந்து பல் துலக்குவது என்று அன்றுதான் உறைத்தது.

“தனியா நிக்கறாரு பாவம்” என்றார் செங்கமலம். “மாத்திர எழுதுங்க டாக்டர். பின்னாடியே போய்ப் பாக்கறேன்.”

அந்த மனிதர் சில கோடைகளுக்குப் பிறகு இறந்தார். முனையில் நிற்பவர் இறந்தால், பின்னால், அவருக்குப் பிறகு மாத்திரையைத் தொடங்கிய எத்தனை பேர் உயிரோடு வந்துகொண்டிருந்தாலும், கோடு தரையை, அதாவது பூஜ்யத்தை, தொட வேண்டும் என்பது கணக்கின் விதி. தொட்டது. டாக்டர் இமானுவேல் ஓய்வு பெற்றுவிட்டார். செங்கமலம் உயிரோடு இருக்கிறார்.