பன்னிரண்டு ஜிபி எங்கே?

"இருபது ஜிபி ஹார்டு டிஸ்க்குன்னு பில்லு குடுத்துக்கிறே. கம்ப்யூட்டர் எட்டுதான் காட்டுது. மீதி பன்னெண்டை எங்கப்பா வித்தே?" என்றார் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஏகாம்பரம்.

"டிஸ்க்குல ஒண்ணும் குறையல சார். இது தொண்ணூத்தாறுல வாங்குன கம்ப்யூட்டர். இதுக்கு எட்டுக்கு மேல எண்ணத் தெரியாது" என்றான் டிஸ்க்கை மாட்டிய மெக்கானிக் தணிகைவேல்.

"மிஷின் பொய் சொல்லுமா? ஒழுங்கா ஒத்துக்கோ. இல்லன்னா போலீசுதான்."

நெய்த சேலைகளை ஒப்படைக்க வந்திருந்த நெசவாளர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தணிகைவேல் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்கு நடந்தான். தலைவர் பின்னாலேயே போனார். நெசவாளர்களும் போனார்கள். அங்கிருந்த புதுக் கம்ப்யூட்டரில் மாட்டியதும் இருபதும் தெரிந்தது.

"பாத்தீங்களா சார்? பொருள் முழுசா இருக்குது. உங்க மிஷின்தான் கம்மியாக் காட்டுது."

"அட, ஆமாம்பா! மிஷின் மேலதான் தப்பு" என்று தலைவர் சிரித்தார்.

"தலைவரே" என்றாள் கூட்டத்திலிருந்த கலாவதி. "போன மாசம், சங்கம் குடுத்த பட்டுக்கு சேலை எடை குறையுதுன்னு என்னைத் திருடின்னீங்களே. சங்கத்துத் தராசையும் ஒருவாட்டி வெளியில காட்டிடலாமா?"

தலைவரின் சிரிப்பு நின்றது. விடுவிடுவென்று சங்கத்துக்குத் திரும்பி, மினிட்ஸ் நோட்டைத் திறந்து எழுதினார்:

'மெக்கானிக் தணிகைவேல், தாம் திருடிய பன்னிரண்டு ஜிபியை, நெசவாளர்கள் முன்னிலையில், எதிர்க்கடையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.'